நியென்காவ்: ஒரு பெயரில் பல பண்டங்கள்

சீனப் புத்தாண்டின்போது உண்ணப்படும் நியென்காவ் என்னும் ஆவியில் வேகவைத்த அரிசிப் பண்டம் நாடு முழுவதற்கும் பொதுவான ஒன்றாகப் பேசப்பட்டாலும், வடக்கே பனிவரகு மாவாலும், யாங்சி ஆற்றின் கழிமுகப் பகுதியில் சாதாரண அரிசியாலும், தெற்கே பசையரிசியும் வெல்லமும் சேர்ந்தும் உருவான வெவ்வேறு பண்டங்கள் காலப்போக்கில் ஒரே பெயருக்குள் வந்து சேர்ந்தன என்பதே அதன் வரலாறு. பசையரிசி என்பது மாவுச்சத்தில் அமைலோபெக்டின் என்னும் கூறு ஏறத்தாழ முழுமையாக நிறைந்திருப்பதால் வெந்ததும் குழைந்து ஒட்டிக்கொள்ளும் நெல்வகையாகும். பர்மா வணிகத்தின் வழியே செட்டிநாட்டுச் சமையலுக்கு வந்த கவுனி அரிசியை உண்டவர்களுக்கு அந்தக் குழைவு புதிதன்று.

அரிசியை ஆவியில் வேகவைக்கும் வழக்கம் சீனத்தில் மிகப் பழையது. ஜெஜியாங் மாநிலத்தின் ஹெமுது என்னுமிடத்தில் 1973இல் தொடங்கிய அகழாய்வு, ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட நெல்மணிகளோடு, அடியில் துளையிட்ட ‘ஸெங்’ என்னும் ஆவிக்கலத்தையும் வெளிக்கொணர்ந்தது. எனினும் மாவாக்கிப் பிசைந்த பசையரிசிப் பண்டத்தின் தெளிவான செய்முறையைக் காண, கி.பி. 6ஆம் நூற்றாண்டில் வட வெய் அரசின் அலுவலரான ஜியா ஸிஸ்யே தொகுத்த ‘சீமின் யாவ்ஷு’ என்னும் வேளாண் நூலுக்கே வர வேண்டியிருக்கிறது. பசையரிசி மாவைப் பட்டுத்துணியில் சலித்து, நீரும் தேனும் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, அக்கால அளவில் ஓர் அடிக்கு மேல் நீளமாகக் கையால் உருட்டி, நான்காகப் பகுத்து, மேலும் கீழும் பேரீச்சை போன்ற இலந்தை வகைப் பழத்தையும் செஸ்நட் பருப்பையும் பதித்து, எண்ணெய் தடவி, மூங்கில் இலையில் சுற்றி நன்றாக வேகவைக்க வேண்டும் என்று அந்நூல் கூறுகிறது. அங்கே புத்தாண்டைப் பற்றிய பேச்சே இல்லை.

பண்டத்தைப் புத்தாண்டோடு சேர்த்துச் சொல்லும் புகழ்பெற்ற சான்று ஆயிரம் ஆண்டுகளுக்கும் பிற்பட்டது. லியூ தோங், யூ யிஜெங் ஆகியோர் பெய்ஜிங் நகரின் இடங்களையும் வழக்கங்களையும் விவரித்து 1635இல் வெளியிட்ட நூல், ஆண்டின் முதல் நாள் காலையில் மக்கள் எழுந்து முகங்கழுவிப் பனிவரகுப் பண்டம் உண்டதையும், அதனை ‘நியென்நியென்காவ்’ என அழைத்ததையும் பதிவு செய்கிறது. அரிசி அதிகம் விளையாத வறண்ட வடக்கில் பனிவரகே பசைதரும் தானியமாக இருந்ததால், இன்று அரிசிப் பண்டத்துக்கு உரியதாகிவிட்ட பெயரை அங்கே சிறுதானியம் தாங்கி நின்றது.

சூஜோ நகர மக்கள் சொல்லும் தோற்றக்கதை இந்த நூல்களுக்கெல்லாம் மிக முந்தைய காலத்தைச் சுட்டுகிறது. வூ நாட்டு அமைச்சரான வூ ஸிஷு நகர மதிலின் அடியில் பசையரிசியாலான செங்கற்களைப் புதைத்து வைத்தார் என்றும், கி.மு. 484இல் அரசனின் ஆணைப்படி அவர் உயிர்துறந்த பின்னர் முற்றுகையால் பஞ்சம் வந்தபோது மக்கள் அவற்றைத் தோண்டி உண்டு பிழைத்தனர் என்றும் அக்கதை கூறும். இது வரலாறாக நிற்கக்கூடியதன்று. ஆனால் வெறுங்கற்பனை என்று தள்ளிவிடவும் இயலாது. சீனக் கொத்தர்கள் சுண்ணாம்பில் பசையரிசிக் கஞ்சி கலந்து மதில்களும் கல்லறைகளும் கட்டியது உண்மை. அந்தச் சாந்தின் வலிமைக்குக் காரணம் அரிசியிலுள்ள அமைலோபெக்டினே என்று ஜெஜியாங் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் பங்கேற்ற ஆய்வு 2010இல் விளக்கியது. அத்தொழில்நுட்பம் சுமார் 1,500 ஆண்டுகள் பழமையானதாகவே கருதப்படுவதால், அரிசி கலந்த மதில்களைப் பார்த்துப் பழகிய பிற்காலத்தவரே அக்கதையை வூ ஸிஷுவின் பெயரில் ஏற்றியிருக்க வேண்டும்.

அதே சூஜோவில் 19ஆம் நூற்றாண்டில் நிலைமை எப்படி இருந்தது என்பதற்குக் கு லூ எழுதிய ‘சிங் ஜியா லூ’ நல்ல சான்று. நியென்காவ் மஞ்சள், வெள்ளை என இரு நிறங்களில் செய்யப்பட்டதையும், ஓர் அடி அகலச் சதுரமாகவும் வெள்ளிக்கட்டியின் வடிவிலும் அது அமைந்ததையும் அவர் குறித்திருக்கிறார்.

நியென்காவ் வகைகளுள் தொழில்நுட்பத்தால் தனித்து நிற்பது, ஹெமுதுவுக்கு அருகிலுள்ள நிங்போ வட்டாரத்து ஸிச்செங் ஊரின் வெள்ளைப் பண்டம். பின்பருவத்தில் அறுவடையாகும் பசையற்ற குட்டையரிசியைப் பல நாள் ஊறவைத்து, நீர்விட்டு அரைத்து, மாவைப் பிழிந்து நீரகற்றி, ஆவியில் அவித்து, கல் உரலில் சூடு ஆறுமுன் இடித்து, பட்டைகளாக்குவது அதன் முறை. பசையரிசிப் பண்டத்தைவிட விரைவில் இறுகி வெடிக்கும் இயல்பு இதற்கு உண்டு என்பதால், வீடுகளில் இதனைப் பானை நீரில் மூழ்கவைத்து, அவ்வப்போது நீரை மாற்றிக் குளிர்காலம் முழுவதும் வைத்திருந்து, வேண்டும்போது மெல்லியதாக அரிந்து கீரையோடும் இறைச்சியோடும் வதக்கினர். ஆகவே இது விழாப் பலகாரம் என்பதைவிடக் குளிர்காலச் சேமிப்பு உணவு என்பதே பொருந்தும்.

தெற்கே ஃபுஜியான் மாநிலத்தவரிடம் நீரின் வேலையைச் சர்க்கரை செய்தது. மிகுந்த இனிப்பு பண்டத்தைக் கெடாமலும் மெதுவாக இறுகவும் வைத்தது. அவர்கள் குடியேறிய மலேசியாவில் குவே பாக்குல், அதாவது கூடைப் பலகாரம், என வழங்கும் இப்பண்டம் வாழையிலை விரித்த சிறு கலங்களில் ஊற்றப்பட்டு, சர்க்கரை கருகாமல் பழுப்பேறும்வரை பத்து மணிநேரத்துக்கும் மேலாக வேகவைக்கப்படுகிறது. இறுகிய துண்டுகளைச் சேப்பங்கிழங்குக்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கும் இடையே வைத்து மாவில் தோய்த்துப் பொரிப்பது அங்கே புத்தாண்டுக்குப் பிந்தைய வழக்கம். ஸிச்செங்கின் வெள்ளைப் பண்டமோ, காற்றகற்றிய உறைகளில் அடைக்கப்பட்டு, ஆண்டு முழுவதும் கடைகளில் விற்பனையாகிறது.