தைராய்டும் தோலும்

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குக் கீழே உள்ள நாளமில்லாச் சுரப்பி தைராய்டு. அது சுரக்கும் டி4, டி3 ஆகிய ஹார்மோன்கள் தோல் செல்களின் வளர்ச்சி, வியர்வை, எண்ணெய்ப் பசை, முடி, இரத்த ஓட்டம் ஆகியவற்றை நடத்துகின்றன.

இச்சுரப்பியின் நலிவை முதலில் காட்டிக்கொடுத்தது தோல்தான். முகம் ஊதி, உடலும் மனமும் மந்தமான பெண்களைப் பற்றி லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1873இல் எழுதினார். அத்தகையோரின் தோலடியில் கோழை போன்ற பொருள் தேங்கியிருக்கக் கண்ட வில்லியம் ஆர்ட், நோய்க்கு மிக்சீடிமா என்று பெயரிட்டார். 1891இல் ஜார்ஜ் மர்ரே 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டுத் தைராய்டுச் சாற்றை ஊசியாகச் செலுத்தினார். வீக்கம் வடிந்தது, வறண்ட தோல் மீண்டும் வியர்த்தது. அப்பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். மருத்துவ வரலாற்றில் இதற்கு இணையான வெற்றிகள் சிலவே.

தமிழ்நாட்டுக்கும் தைராய்டு ஆய்வில் பங்குண்டு. கில்கிட்டில் முன்கழுத்துக் கழலையை ஆராய்ந்த மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன், பின்னர் குன்னூரில் பணியாற்றினார். 1917இல் தைராய்டு பற்றிப் பெருநூல் வெளியிட்டார். அசுத்த நீரே கழலைக்குக் காரணம் என்றார். ஆனால் முதன்மைக் காரணம் அயோடின் குறைவே.

சுரப்பு குறைந்தால் தோல் குளிர்ந்து, வறண்டு, சொரசொரப்பாகும். புருவத்தின் வெளிமுனை உதிரும். முகமும் கையும் உப்பும், அழுத்தினால் குழி விழாது. கரோட்டின் தேங்கி உள்ளங்கை மஞ்சளாவதும் உண்டு. கண் வெள்ளை நிறம் மாறாததால் அது காமாலை அன்று. கீழாநெல்லி கொடுத்துப் பயனில்லை. சுரப்பு மிகுந்தால் தோல் சூடாக, ஈரமாக, வழவழப்பாக இருக்கும். நகம் சதையிலிருந்து பிரியும். கிரேவ்ஸ் நோயில் சிலருக்கு முழங்காலுக்குக் கீழே தோல் ஆரஞ்சுத் தோல்போல் தடிக்கும். வெண்புள்ளி, புழுவெட்டு, நாள்பட்ட காணாக்கடி ஆகியவையும் தன்னெதிர்ப்புத் தைராய்டு நோயுடன் சேர்ந்து வரலாம்.

விருத்தாசலம் போன்ற பீங்கான் தொழில் ஊரில் குறைசுரப்பின் அறிகுறிகள் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். சுடாத பச்சைப் பொம்மையை ஈரப் பஞ்சால் வழித்து வழித்துத் துடைப்பவரின் கை எப்படியும் வறண்டு வெடிக்கும். பழி களிமண்மேல் விழும். ஆனால் களிமண் வறட்சி பட்ட இடத்தோடு நிற்கும். தைராய்டு வறட்சி முழங்கை, கணுக்கால், முகம் என மண் படாத இடங்களிலும் தெரியும்.

இந்தியாவில் கழலைத் தடுப்புத் திட்டம் 1962இல் தொடங்கியது. இன்று சமையல் உப்பில் அயோடின் கட்டாயம். குறைசுரப்புக்குத் தினசரி லெவோதைராக்சின் மாத்திரை போதும். உடம்பெல்லாம் வறண்டு, சோர்வும் சேர்ந்திருந்தால், களிம்பை மாற்றுவதற்கு முன், தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.