ஹாரியட் மலை ஏறியவர்கள்

இப்போது ஸ்ரீ விஜயபுரம் என வழங்கும் போர்ட் பிளேரின் டெய்ரி ஃபார்ம் பகுதியிலிருந்து வனத்தில் நடந்துவரப் புறப்படுவோர், சாத்தாம் துறையை அடைந்து, மனிதரையும் வண்டிகளையும் ஒருங்கே ஏற்றிச் செல்லும் படகில் பாம்பூ ஃப்ளாட்டுக்குக் கடந்து, அங்கிருந்து ஹாரியட் மலை ஏறுவது வழக்கம். தேசியப் பூங்காவாகிய அவ்வனத்துள் காலாபத்தர் என்னும் பாறை வரையில் பலரும், மழைக்கால அட்டைகளுக்கு அஞ்சாத சிலர் அதற்கப்பால் மதுபன் கடற்கரை வரையிலும் செல்கிறார்கள். இன்று உல்லாசமாகிய இந்நடை, வெகுகாலம் அதிகாரிகளின் சலுகையாகவே இருந்தது.

1858 மார்ச்சில் ஆங்கிலேயரின் தண்டனைக் குடியேற்றத்துக்கென முதல் கைதிகள் இங்கே கொணரப்பட்டபோது, அடர்ந்த காட்டை வெட்டித் திருத்தும் வேலையே அவர்கள் தலைமேல் விழுந்தது. 1862 முதல் 1864 வரை இக்குடியேற்றத்தின் கண்காணிப்பாளராயிருந்தவர் ராபர்ட் டைட்லர். 1857-இல் தில்லி முற்றுகையின்போது மாட்டுவண்டியிலேயே பிள்ளை பெற்ற அவருடைய மனைவி ஹாரியட்டின் பெயரே மலைக்குச் சூட்டப்பட்டது. ராஸ் தீவிலிருந்து ஆட்சி நடத்திய தலைமை ஆணையர்களுக்குப் பின்னாளில் இதுவே கோடைக்கால வாசஸ்தலமாயிற்று.

1872 பிப்ரவரி 8-ஆம் நாள், கைதிக் குடியிருப்புகளைப் பார்வையிட வந்த வைஸ்ராய் மேயோ பிரபு, இம்மலை நோயாளிகள் தங்கி உடல் தேறத் தக்க இடமா என்றறியும் விருப்பத்தோடு மாலையில் மேலேறி, சூரியாஸ்தமனம் கண்டு, தீவட்டிகளின் வெளிச்சத்தில் ஹோப் டவுன் துறைக்கு இறங்கியபோது, ஷேர் அலி அஃப்ரீதி என்னும் ஆயுள் கைதியின் கத்திக்கு இரையானார். மறுமாதமே ஷேர் அலி வைப்பர் தீவில் தூக்கிலிடப்பட்டான். காற்று வாங்க வந்தவரும் வீடு திரும்ப வழியற்றவனும் அம்மலையடிவாரத்தில் எதிர்ப்பட்ட அக்கணத்தில், தண்டனைத் தீவின் இருவேறு உலகங்கள் ஒன்றையொன்று நேருக்குநேர் கண்டன என்னலாம்.

1891-இல் ஆங்கிலேயரோடு நிகழ்ந்த போரில் தோற்ற மணிப்பூரின் மகாராஜா குலசந்திர துவஜ சிங்கும் அவரைச் சார்ந்தோரும் நாடு கடத்தப்பட்டு இம்மலையிலேயே வைக்கப்பட்டனர். அதிகாரிக்கு விடுதியாயிருந்த சிகரம் அரசனுக்குச் சிறையாயிற்று. அவர்களது நினைவாகவே 2021-இல் மத்திய அரசு இதற்கு மணிப்பூர் மலை என்று பெயர் மாற்றியது.

பெயர்களோ பதவியாலும் குலத்தாலும் வந்தவை. காட்டைத் திருத்திய கைதிகளின் பெயர் எந்தச் சிகரத்திலும் இல்லை. தன் விருப்பத்தால் மலையேறவும் விருப்பம்போல் இறங்கவும் கிடைத்த உரிமை நமக்குப் புதிது என்பதால், பள்ளிப் பிள்ளைகளை அப்பாதையில் அழைத்துச் செல்வோர், மரங்களின் பெயரோடு இவ்வரலாற்றையும் சொல்லிக் கொடுப்பது கடமை.