வால் இறக்கை கழன்றா பாட்டில் ராக்கெட் கூட்டத்துக்குள்ள பாயும்: எந்த ஷீட் நல்லது, எப்படி ஒட்டணும்?

சேலம்,

அறிவியல் கண்காட்சி என்றால் பாட்டில் ராக்கெட் செய்யாத பள்ளிக்கூடம் குறைவு. தண்ணீரை ஊற்றி, சைக்கிள் பம்பில் காற்றடித்து விடும் ராக்கெட் இது. மூக்கு, பெயிண்ட் எல்லாம் பளபளப்பாக இருக்கும். கடைசி நேர அவசரத்தில் ஒட்டுவது வால் இறக்கையைத்தான். ஆனால் ராக்கெட் எந்தப் பக்கம் போகும் என்பதே அதன் கையில்தான் இருக்கிறது. ஒரு இறக்கை கழன்றால் போதும், மேலே போக வேண்டியது வேடிக்கை பார்க்கும் பசங்க பக்கம் திரும்பி விடும்.

குச்சி செய்யும் வேலை

தீபாவளி ராக்கெட்டில் இறக்கை கிடையாது, குச்சிதான். குச்சி இல்லாமல் பற்ற வைத்தால் அது எந்த வீட்டுக்குள் புகும் என்று சொல்லவே முடியாது. 1792-ல் கிழக்கிந்திய கம்பெனி கைக்குப் போகும் வரை சேலம் சீமை மைசூர் ஆட்சியில் இருந்தது. திப்பு சுல்தான் படையின் ராக்கெட்டிலும் இரும்புக் குழாயோடு நீள மூங்கிலைக் கட்டியிருந்தார்கள். அந்த வேலையை சின்ன இடத்தில் செய்வதுதான் இறக்கை. தும்பாவில் இருந்து விடப்படும் ரோகிணி ஆர்.எச்.200 ராக்கெட்டுக்கும் வாலில் இறக்கை உண்டு.

பாட்டில் ராக்கெட்டுக்கு சன்பேக் ஷீட் தோதானது. விளம்பர போர்டு செய்யும் கடைகளில் வெட்டுத் துண்டு கிடைக்கும். ஷீட்டின் உள்ளே ஓடும் குழல்கள் பாட்டிலில் இருந்து வெளிப்பக்கம் நோக்கிப் போகிற மாதிரி வெட்ட வேண்டும். மாற்றி வெட்டினால் இறக்கை துணி மாதிரி மடங்கும்.

மரத்துக்கும் இதே கணக்குதான். சின்ன மாடல் ராக்கெட்டுக்கு லேசான பால்சா கட்டையில் இறக்கை வெட்டுவார்கள். மர ரேகை இறக்கையின் முன் விளிம்போடு சேர்ந்து ஓட வேண்டும். ரேகை குறுக்கே போனால் பிஸ்கட் மாதிரி ஒடியும். பிளைவுட்டில் அடுக்குகள் மாறி மாறி இருப்பதால் அந்தக் கவலை குறைவு. ஆனால் வால் கனத்தால் மூக்கிலும் கனம் ஏற்ற வேண்டி வரும்.

சேலத்தில் இரும்புக்கா பஞ்சம், பட்டறையில் தகடு வெட்டி வாங்கிடலாம் என்று சிலர் நினைக்கலாம். வேண்டவே வேண்டாம்! கீழே விழும்போது அது கத்தி.

ஒட்டுவதில்தான் விஷயம்

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் இடத்தில் பாடியை சும்மா மேலே உட்கார வைக்க மாட்டார்கள், சேசிஸோடு சேர்த்து போல்ட் போட்டுப் பிடிப்பார்கள். பெரிய மாடல் ராக்கெட்டிலும் அப்படித்தான். அட்டைக் குழாயில் நீளக் கீறல் போட்டு, இறக்கையின் அடியை உள்குழாய் வரை நுழைத்து, உள்ளேயும் வெளியேயும் பசை போடுவார்கள்.

பாட்டிலில் இதைச் செய்யவே கூடாது. காற்றழுத்தம் தாங்குகிற பாட்டிலில் கீறல், ஓட்டை விழுந்தால் வெடிக்கும். குளூ கன் சூடும் அதன் பலத்தைக் குறைக்கும். இன்னொரு பாட்டிலின் நடுப்பகுதியை வளையமாக வெட்டி, அதில் இறக்கைகளை ஒட்டி, ராக்கெட்டின் வாலில் மாட்டி டேப் சுற்றினால் போதும். ராக்கெட்டுக்கு சோடா, கோலா பாட்டில்தான் சரி. தண்ணீர் பாட்டில் மெலிசு, தாங்காது.

இறக்கை மூன்றோ நான்கோ, இடைவெளி சமமாக இருக்கணும். காகிதப் பட்டையை பாட்டிலில் சுற்றி, அதை மடித்துக் குறித்தால் கணக்கு தப்பாது. மர இறக்கை என்றால் முன் விளிம்பை உப்புத்தாளால் உருட்டி, பின் விளிம்பை மெலிதாக்க வேண்டும்.

விடுவதற்கு முன்னால் ஒரு சோதனை. தண்ணீர் இல்லாத ராக்கெட்டை அது சமமாக நிற்கும் இடத்தில் கயிற்றால் கட்டி, தலைக்கு மேலே சுற்றணும். மூக்கு முன்னே பார்த்துப் போனால் சரி. தடுமாறினால் மூக்கில் களிமண் சேர்க்கணும், இல்லாவிட்டால் இறக்கையைப் பெரிசாக்கணும்.

வெடிமருந்து அடைத்துப் பார்க்கும் ஆசை மட்டும் கூடாது. 1884-ம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் வெடிமருந்து தயாரிப்பது குற்றம் என்பது குறிப்பிடத்தக்கது.