தத்தனின் வாள்

தென்பெண்ணையாற்றங்கரையிலே திருக்கோவிலூர். கபிலர் பெயரால் ஒரு குன்று ஆற்றிலே நிற்கிறது. மலையமான் திருமுடிக்காரியின் கொடையைச் சங்கப் பாட்டு பேசுகிறது. ஆயினும் பக்தர்களிடம் ஊர்ப்பெயரைச் சொன்னால், அவர்கள் எடுத்துரைப்பது பெரியபுராணக் கதையைத்தான்.

போர்க்களத்திலே மெய்ப்பொருள் மன்னனை வெல்ல முடியாத முத்தநாதன், மேனியெங்கும் நீறு பூசி, ஏட்டுக்கட்டுக்குள்ளே கத்தியை மறைத்து அரண்மனை புகுகிறான். நீற்றைக் கண்ட காவலர் வழி விடுகின்றனர். மன்னன் வணங்கிக் குனிகிறான், கத்தி பாய்கிறது. தத்தன் எனும் காவலன் வாளை ஓங்குகிறான். வீழ்கின்ற மன்னனோ, அவன் நம்மைச் சேர்ந்தவன் என்று தடுத்து, கொலைகாரனை ஊர் எல்லைவரை பத்திரமாகக் கொண்டுபோய் விடச் சொல்கிறான்! தத்தனும் விட்டு வருகிறான்.

பக்தியின் உச்சம் இது என்பர். நமக்கோ அந்தத் தத்தன்மீதுதான் இரக்கம். கண் இருந்தது, வாள் இருந்தது, வீரம் இருந்தது. ஓங்கிய கையைத் தடுத்தது ஒரு சொல்!

இந்தக் கதையை ஏன் இழுக்கிறோம்? இதே நாடகம் மனித உடலுக்குள்ளே நடப்பதை விஞ்ஞானிகள் கண்டறிந்திருக்கின்றனர்.

குருதியிலே வெள்ளணுக்கள் உண்டு. அவற்றுள் ஒருவகை, நெஞ்செலும்புக்குப் பின்னே உள்ள தைமஸ் சுரப்பியிலே பயின்று வெளிவரும் 'டி' அணுக்கள். 1961-ல் ஜாக் மில்லர் எலிகளைக் கொண்டு மெய்ப்பிக்கும்வரை, தைமஸ் வேலையற்ற உறுப்பு என்றே மருத்துவ உலகம் எண்ணியிருந்தது. டி அணு, உயிரணுக்களைத் தொட்டுப் பார்க்கும். அயல் அடையாளம் கண்டால் கொல்லும். நம் உடலையே அது அழித்துவிடாதிருக்க, அதன்மேல் சில தடைகளும் உண்டு. புற்றணுவோ அயலான் அன்று. நம் உயிரணுவே நெறிகெட்டுப் பெருகியது. அந்தத் தடையைப் பயன்படுத்தித் தப்ப அதற்குத் தெரியும். நீறு பூசிய முத்தநாதன்!

தடைகளுள் ஒன்று சி.டி.எல்.ஏ.-4. அதன் இயல்பைக் கண்டவர்களுள் ஒருவர் அமெரிக்கர் ஜேம்ஸ் அலிசன். டார்வினைச் சொல்லாத உயிரியல் வகுப்பிலே அமரமாட்டேன் என்று டெக்சாஸ் சிற்றூர்ப் பள்ளியிலே மறுத்து, அஞ்சல்வழி பயின்றவர் அவர்! சிறுவனாக இருந்தபோதே தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். பிறர் புற்றணுவைத் தாக்க மருந்து தேடினர். அவர் தத்தனின் தடையை விலக்க எண்ணினார். எலிகளிடம் கட்டிகள் கரைந்தன. 1996-ல் ஆய்வு வெளியாயிற்று. ஜப்பானின் தசுக்கு ஹோஞ்சோ குழுவினர் 1992-லேயே பி.டி.-1 எனும் மற்றொரு தடையைக் கண்டிருந்தனர். 2011-ல் முதல் மருந்து அமெரிக்காவிலே ஒப்புதல் பெற்றது. 2018-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

மாயமில்லை, மந்திரமில்லை. பரவிவிட்ட தோல் கரும்புற்று நோயாளிகளுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவரே அம்முதல் மருந்தால் மூன்றாண்டும் அதற்கு மேலும் வாழ்ந்தனர். தடை நீங்கிய டி அணுக்கள் சிலரிடம் குடலையும் தைராய்டு சுரப்பியையும் தாக்கின. ஆய்வாளர்கள் இதையும் மறைக்காமல் அச்சிட்டனர். தோல்வியைச் சொன்ன தலபுராணம் ஒன்று உண்டா?

இதை எழுதுகையில் 1968 நம் நினைவுக்கு வருகிறது. அறிஞர் அண்ணாவின் உணவுக்குழாயிலே புற்று. நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையிலே அறுவை. 1969 பிப்ரவரி 3-ல் அவரை இழந்தோம். கத்தியும் கதிரும் சில நச்சு மருந்துகளும் தவிர, அன்று மருத்துவர் கையிலே வேறில்லை. அதே மருத்துவமனையின் பழைய நாளிலே, 1890-களில், வில்லியம் கோலி என்பார் கிருமிகளைக் கட்டியிலே செலுத்தி உடலின் காவலை எழுப்ப முயன்றிருந்தார். சிலருக்குக் கட்டி கரைந்தது, பலருக்குக் கரையவில்லை. ஏனென்று அவராலும் விளக்க முடியவில்லை. கதிர் மருத்துவம் வந்ததும் அவ்வழி கைவிடப்பட்டது. இன்று உணவுக்குழாய்ப் புற்றுக்கும் தடைநீக்கும் மருந்து தரப்படுகிறது.

யாருக்குத் தரப்படுகிறது? இலட்சங்களிலே விலை! டி அணுக்களை வெளியே எடுத்து, புற்றணுவை இனங்காணும் திறனைப் புகுத்தி, மீண்டும் உடலிலே செலுத்தும் முறையொன்றை மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கின. சில இரத்தப் புற்றுகளுக்கு அது 2023-ல் ஒப்புதல் பெற்றது. மேல்நாட்டுச் செலவிலே பத்திலொரு பங்கு என்றனர், பாராட்டுகிறோம். அந்தப் பத்திலொரு பங்கும் இலட்சங்களிலேதான்.

கல்வராயன் மலையிலே கூலிக்குப் போகும் பெண்ணுக்குக் கட்டி கண்டால், முன்வினை என்று சொல்ல ஆள் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அப்படிச் சொல்லவில்லை. தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டமன்றத்திலே போராடிய அவர், 1923-ல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954-ல் அடையாற்றிலே 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறந்தார். அங்குள்ள ஆய்வாளர்களே, கருப்பைவாய்ப் புற்றுற்ற பெண்களின் சொந்த வெள்ளணுக்களைப் பயிற்றி, டி அணுக்களுக்கு எதிரியைக் காட்டிக்கொடுக்கச் செய்யும் சோதனையை நடத்தி 2014-ல் வெளியிட்டனர். சிறிய சோதனை, முதற்படி. கருப்பைவாய்ப் புற்று, பெரும்பாலும் ஏழைப் பெண்களைத் தேடிவரும் நோய்.