கராச்சியில் முறிந்த கை

சின்ன வயசுல நான் ரெஸ்லிங் கார்டு சேர்த்தவன். "அதெல்லாம் செட்டப்புடா"ன்னு அண்ணன் சொன்ன அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை. இன்னைக்குக் கதையும் அதைப் பத்தினதுதான். செட்டப்னு ஒருத்தர் நம்பி வர்றார், எதிராளி அப்படி நினைக்கலைன்னா?

லாகூரில் ஒரு பயில்வான் குடும்பம். பெரியவர் காமா. 1910-இல் லண்டனில் இவரோடு மோதிய போலந்துக்காரர் ஸ்பிஸ்கோ, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பெரும்பாலும் குப்புறக் கிடந்தே தப்பித்தார். ஏன் குப்புற? நம் பக்கத்துக் குஸ்தியில் முதுகு மண்ணில் பட்டால்தான் தோல்வி. இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

காமாவின் தம்பி மகன்களில் ஒருவர் அக்ரம் பயில்வான். 1976 டிசம்பரில் கராச்சி நேஷனல் ஸ்டேடியத்தில் அவரோடு மோத ஜப்பானிலிருந்து வந்தார் அன்டோனியோ இனோகி. ஆறு மாசத்துக்கு முன்புதான் முகமது அலியோடு 15 ரவுண்டு ஆடி டிரா செய்த அதே ஆள். ஜப்பானில் ரெஸ்லிங் கம்பெனி நடத்துகிற முதலாளியும்கூட. முடிவைப் பேசிவைத்து ஆடும் வழக்கமான ஷோ என்று நினைத்துத்தான் வந்ததாகவும், கடைசி நேரத்தில் அந்தப் பேச்சே இல்லாமல் போனதாகவும் இனோகி தரப்பு சொல்கிறது. எனக்கு அது நம்பும்படியாகத்தான் இருக்கு. காமா வீட்டுப் பிள்ளை, சொந்த ஊர் கூட்டத்துக்கு முன்னால், பேசிவைத்துத் தோற்பாரா?

அக்ரமுக்கு நாற்பது தாண்டியாச்சு. இனோகிக்கு 33. மூன்றாவது ரவுண்டில் இனோகி கையைப் பிடித்துப் பின்பக்கமாக முறுக்கினார். அந்தப் பிடியில் சிக்கினால் தட்டித் தோல்வியை ஒத்துக்கணும். அக்ரம் தட்டலை. மண்ணில் முதுகு படாதவரை தோற்கலைன்னு வளர்ந்த மனுஷன், எப்படித் தட்டுவார்? கை போயிடுச்சு. ஸ்டேடியமே உறைந்து நின்றிருக்கும்.

பழி தீர்க்கணுமே. அக்ரமின் அண்ணன் மகன் ஜாராவைத் தயார் பண்ணினார்கள். 1979 ஜூனில், லாகூர் கடாஃபி ஸ்டேடியத்தில், இன்னும் இருபது வயசு ஆகாத பையன் இனோகியை எதிர்த்து ஐந்து ரவுண்டு தாக்குப்பிடித்தான். முடிந்ததும் இனோகியே ஜாராவின் கையைத் தூக்கிக் காட்டினார். ஜப்பான் கணக்கில் அது டிரா. லாகூர்க்காரங்ககிட்ட டிரான்னு சொல்லிப் பாருங்க, அடிக்க வருவாங்க.

ஜாரா 1991-இல் இறந்துபோனார், முப்பத்து சொச்சம் வயசில். போதைப் பழக்கம்னு சொல்றாங்க.

பிறகு 2014 வாக்கில் ஒரு விஷயம் நடந்தது. ஜாராவின் சொந்தக்காரப் பையன் ஹாரூன் ஆபித்தைப் படிக்கவும் மல்யுத்தப் பயிற்சிக்கும் ஜப்பானுக்கு அழைத்துப் போனார் ஒருவர். அழைத்துப் போனவர், இனோகி.