நேயரின் குரலும் வானொலியின் கடமையும்

வானொலி பேசும், மக்கள் கேட்பர். இந்த ஒருவழிப் பாதையை இருவழியாக்கும் முயற்சி நம் நாட்டில் முகநூலோடு பிறந்ததன்று. 1925-ல் கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கியது. வீரமுனையிலும் சம்மாந்துறையிலும் கல்முனையிலும் தமிழரும் முஸ்லிம்களும் அதனை ஒரே தமிழில் கேட்டனர். ஆனால் மறுமொழி கூற நேயர் கையில் இருந்தது அஞ்சலட்டை ஒன்றே.

1981-ல் தொடங்கிய மகாவலி சமுதாய வானொலி, ஒலிப்பதிவுக் கருவியோடு குடியேற்றக் கிராமங்களுக்குச் சென்றது, உழவரே பேசினர். 1999-ல் கொத்மலை நிலையம் யுனெஸ்கோவின் துணையுடன் மேலும் ஒரு படி ஏறிற்று. நேயர்கள் வினா அனுப்பினர். அறிவிப்பாளர் இணையத்தில் விடை தேடி எளிய மொழியில் விளக்கினார். கணினி காணாத குடிசைக்கும் உலக அறிவு சென்றது.

பின்னர் சமூக ஊடகம் பெருகியது. 2018 பெப்ரவரியில், நம் மாவட்டத்தின் அம்பாறை நகரில், முஸ்லிம் உணவகம் ஒன்றில் மலட்டு மாத்திரை கலக்கப்படுவதாக எழுந்த புரளி முகநூலில் பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அது வெறும் மாவுக்கட்டி என்று தெரிந்தது. ஆனால் எரிந்தவை எரிந்தவையே. மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது அரசு முகநூலையே சில நாட்கள் முடக்கியது. வாயைப் பூட்டினால் வதந்தி சாகுமா?

பொது ஒலிபரப்பு நிறுவனம் முகநூலில் பக்கம் திறந்து செய்தியை ஒட்டிவிடுவதனால் மக்களோடு உறவு உண்டாகிவிடாது. ஐயம் எழும் அன்றே, எழும் இடத்திலேயே, தமிழிலும் சிங்களத்திலும் அது விடை கூறவேண்டும். மக்கள் வரியில் வாழும் நிறுவனத்திடம் நாம் கேட்பது சலுகையன்று. கொத்மலையில் ஒருமுறை நிறைவேறிய கடமையையே கேட்கின்றோம்.