சக் பீனி: பெயர்ப்பலகை இல்லாமல் கொடுத்த கோடீஸ்வரர்

சக் பீனி என அறியப்பட்ட சார்ள்ஸ் பிரான்சிஸ் பீனி, 1931 ஏப்ரல் 23ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், அயர்லாந்துப் பூர்வீகம் கொண்ட சாதாரண உழைக்கும் குடும்பமொன்றில் பிறந்தார். கொரியப் போர்க்காலத்தில் அமெரிக்க விமானப்படையில் வானொலித் தொடர்பாளராக இருந்தார். முன்னாள் படையினருக்கான அரச கல்வி உதவியுடன் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்றார். அங்கு சக மாணவர்களுக்கு சாண்ட்விச் விற்றுச் செலவைச் சமாளித்தார்.

1960இல் ரொபர்ட் மில்லருடன் இணைந்து தொடங்கிய தீர்வையற்ற கடைகள், ஹொங்கொங்கிலும் ஹவாயிலும் யப்பானியச் சுற்றுலாப் பயணிகளால் பெருவளர்ச்சி கண்டன. அந்த வருமானத்தை வளரும் நிறுவனங்களில் முதலிடுவதற்காக 1980இல் 'ஜெனரல் அட்லாண்டிக்' என்ற தனியார் பங்கு முதலீட்டு நிறுவனத்தை நிறுவினார். இன்று அது உலகின் பெரிய முதலீட்டு நிறுவனங்களில் ஒன்று.

1982இல் 'அட்லாண்டிக் பிலாந்த்ரொபீஸ்' அறக்கட்டளையை பெர்முடாவில் ஆரம்பித்தார். 1984இல் தன் சொத்துக்களில் ஏறத்தாழ அனைத்தையும் அதற்கு இரகசியமாக எழுதிக்கொடுத்தார். 1988இல் 'போர்ப்ஸ்' சஞ்சிகை அவரைப் பெரும் செல்வந்தர் பட்டியலில் சேர்த்தபோது, அந்தச் செல்வம் அவரிடம் இருக்கவில்லை. உதவி பெற்றவர்கள் கொடுத்தவரின் பெயரை வெளியிடக்கூடாது என்பது நிபந்தனை. கடைப் பங்குகள் விற்கப்பட்டதை அடுத்து, 1997இல்தான் உண்மை வெளியானது.

போர் கண்ட மக்களுக்கு அவர் கதையில் முக்கியமான பகுதி வட அயர்லாந்து. 1987இல் எனிஸ்கில்லன் நகரில் போர் நினைவு நிகழ்வொன்றில் குண்டு வெடித்துப் பொதுமக்கள் கொல்லப்பட்டது அவரை உலுக்கியது. 1993இல் அமெரிக்கக் குழுவொன்றுடன் பெல்பாஸ்ட் சென்று தரப்புகளைச் சந்தித்தார். 1994இல் ஐ.ஆர்.ஏ. போர்நிறுத்தம் அறிவித்த பின், சின் பெயின் கட்சி வொஷிங்டனில் அலுவலகம் நடத்தச் சொந்தப் பணம் கொடுத்தார். ஆயுதத்தை விட்டு அரசியலுக்கு வருவோருக்கு, பேசுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதே அதன் தர்க்கம்.

1998 உடன்படிக்கையுடன் அந்தப் பணி முடிந்துவிடவில்லை. கத்தோலிக்க, புரட்டஸ்தாந்துப் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கும் பாடசாலைகள், மனித உரிமை அமைப்புகள், பாதிக்கப்பட்டோர், முன்னாள் கைதிகள் ஆகியோருக்கு அறக்கட்டளை தொடர்ந்து நிதி வழங்கியது. கையெழுத்து ஒருநாள் வேலை. அயலவர்கள் மீண்டும் அயலவர்களாவதற்குப் பல ஆண்டுகள் தேவை. வியட்நாமில், அமெரிக்கப் போரால் நலிந்த நாட்டில், வைத்தியசாலைகளையும் பல்கலைக்கழக வசதிகளையும் கட்டியெழுப்ப அதே நிதி உதவியது.

மொத்தமாக 8 பில்லியன் டொலர்களுக்கு மேல் வழங்கிய அறக்கட்டளை, திட்டமிட்டபடி 2020இல் மூடப்பட்டது. பீனி சன்பிரான்சிஸ்கோவில் வாடகை வீட்டில் வாழ்ந்து, 2023 ஒக்டோபர் 9ஆம் திகதி 92ஆவது வயதில் காலமானார். அவர் பணத்தில் எழுந்த கட்டடங்கள் பல நாடுகளில் உள்ளன. அவற்றில் அவர் பெயர் இல்லை.